நீலாம்பாள் தருமம்

“என்னய்யா இது! முப்பத்தெட்டு ஊராட்சி இருக்கிற ஒன்றியம். தருமம் பண்ணுன பொம்பளை ஒருத்திகூடவா இல்லை?”

ஒன்றிய ஆணையர் எழுத்தர் ராமச்சந்திரனைக் கேட்டார். மேசைமேல் கலெக்டர் ஆபீஸ் சுற்றறிக்கை கிடந்தது. அது சர்வதேசப் பெண்கள் ஆண்டாம். ஒவ்வோர் ஒன்றியமும் தன் எல்லைக்குள் வாழ்ந்து மறைந்த பெண் கொடையாளி ஒருவரைக் கண்டுபிடித்து, சாலையோரத்தில் அவருக்கு ஒரு வரலாற்றுப் பலகை நட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் போய்ச் சேர வேண்டும். சுற்றறிக்கை வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ராமச்சந்திரன் அதைத் தெருவிளக்குக் கோப்புக்குள் பத்திரமாக வைத்துவிட்டு மறந்துபோயிருந்தார். அன்று வியாழக்கிழமை.

“விசாரிச்சேன் சார். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்த அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. அடுத்த வருஷமே கேஸ் போட்டு அதைத் திரும்ப வாங்கிட்டாங்க.”

“வேற?”

“குளத்துக்குப் படித்துறை கட்டுனவங்க ஒருத்தங்க. ஆனா குளம் அடுத்த ஒன்றியத்துல வருது.”

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் மேசைமேல ஒரு பேர் இருக்கணும். இல்லேன்னா உங்க மேசைமேல ஒரு மெமோ இருக்கும்.”

ராமச்சந்திரன் கெட்டவர் அல்லர். சோம்பேறி, அவ்வளவுதான். தாத்தா காலத்தில் நாலு வேலி நிலம் இருந்த குடும்பம். அப்பா அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தீர்த்ததில் மகனுக்கு ஒரு சைக்கிள்தான் மிஞ்சியது. அதற்கும் செயின் கழலும் வியாதி. கூத்தாநல்லூர்ச் சாலையில் ஆவிக்கரைத் திருப்பம் வந்தால் தவறாமல் கழன்றுவிடும். அன்று சாயங்காலமும் கழன்றது. குனிந்து மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே அந்தக் கல் நின்றது.

நெஞ்சளவு உயரத்தில் ஒற்றைக் கருங்கல் தூண். உச்சியில் ஒரு வெட்டு. நடுவில் கோணல்மாணலான எழுத்தில் இரண்டு வரி: சர்வதாரி வருஷம் புரட்டாசி. நீலாம்பாள் தருமம்.

மூன்று வருஷமாகச் செயின் மாட்டிய கையை அந்தக் கல்லில்தான் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார். அன்றுதான் அதைப் படித்தார்.

பெண் பெயர் இருக்கிறது. தருமம் இருக்கிறது. சாலையோரத்திலும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவிய கையோடு அரைப் பக்கம் எழுதினார். நீலாம்பாள் அம்மையார் தினமும் நூறு வழிப்போக்கருக்கு அன்னமிட்டார். கோடையில் நீர்மோர்ப் பந்தல் வைத்தார். ஏழைப் பெண்களின் பிரசவச் செலவைத் தாமே ஏற்று இரு உயிர்களையும் காத்தார். கொடுப்பது தம் வீட்டுச் சொத்து இல்லை என்பதால் ராமச்சந்திரன் தாராளமாகவே கொடுத்தார்.

மறுநாள் ஆணையர் படித்துவிட்டு, “இவ்வளவு பெரிய மனுஷியை இத்தனை நாளா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்றார்.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் ஒரு பலகையோடு போயிருக்கும். ஆனால் கலெக்டர் ஆபீசில் யாரோ ஒருவருக்கு அந்தப் பிரசவச் செலவு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மாவட்டத்திலேயே சிறந்த கொடையாளி நீலாம்பாள் அம்மையார்தான். ஐப்பசியில் அமைச்சரே வந்து பலகையைத் திறந்துவைப்பார். அம்மையாரின் குடும்ப விவரம், உருவப்படம், உறவினர் பெயர் உடனே அனுப்புக.

ராமச்சந்திரன் அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆவிக்கரைக்குப் போனார்.

கல்லுக்குப் பின்னால் ஒரு மேட்டுத் திடல். அதில் எட்டுக் குடிசைகள். சுற்றிலும் அரை வேலி நஞ்சை. எல்லாம் சந்தானகிருஷ்ணன் பண்ணையைச் சேர்ந்தது. குடிசைகளில் இருந்தவர்கள் தலைமுறையாக அந்தப் பண்ணையில் நட்டவர்கள், அறுத்தவர்கள். கூலித் தகராறு வந்ததிலிருந்து பண்ணைக்கும் திடலுக்கும் பேச்சு இல்லை. குடியிருக்கும் மனைக்காவது பட்டா வேண்டும் என்று எட்டுக் குடும்பமும் மூன்று வருஷத்துக்கு முன் கொடுத்த மனு ஒன்றிய அலுவலகத்தில்தான் இருந்தது. அதே தெருவிளக்குக் கோப்பில்.

நடவு ஆட்களுக்குத் தலைவியான ராமாயி குடிசை வாசலில் உட்கார்ந்து முறத்தில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ரோட்டோரத்துல நிக்கிற அந்தக் கல்லு யாருது?”

“ஏங்க? கல்லு என்ன தப்பு பண்ணிச்சு?”

“தப்பு இல்லம்மா. நீலாம்பாள்னு ஒரு பெரிய மனுஷி. கவர்மெண்டு அவங்களுக்குப் போர்டு வைக்கப் போவுது. அவங்களைப் பத்தி உங்களுக்கு எதுனா தெரியுமா?”

ராமாயியின் முறம் நின்றது. “நீங்க என்ன எழுதியிருக்கீங்க? படிங்க, கேப்போம்” என்றாள்.

படித்தார். தம் எழுத்தைத் தாமே உரக்கப் படிக்கிற சந்தோஷத்தில் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடுகூடப் படித்தார். பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். கடைசிக் குடிசை நிழலில் வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நூறு பேருக்கா சோறு போட்டா?” என்றார் பெரியவர்.

“போட்டாங்கன்னு சொல்லணும் பெரியவரே. மரியாதை.”

“ஆமாங்க. போட்டாங்க.” அவர் மறுபடி பிரியைத் திரிக்க ஆரம்பித்தார்.

“அது யாரும்மா?”

“முருகையண்ணன். ஒண்டிக்கட்டை” என்றாள் ராமாயி. “பிரசவச் செலவெல்லாம் பாத்தாங்கன்னு போட்டிருக்கீங்களே, அய்யா. நெசமா?”

“அந்தக் காலத்து மனுஷங்க அப்படி.”

“எங்களுக்கு என்னங்க தெரியும்? பெரிய எடத்துச் சமாசாரமா இருக்கும். பெரிய எடத்துல போய்க் கேளுங்க.”

ராமச்சந்திரனுக்குக் கால் வலித்தது. முருகையனின் குடிசைச் சுவரையொட்டி நீளமான கல் பலகை ஒன்று கிடந்தது. அதன்மேல் ஒரு தண்ணீர்க் குடம். பக்கத்தில் இடம் இருந்ததால் உட்காரப் போனார்.

“அதுல வேணாங்க” என்றார் முருகையன். “ஈரமா இருக்கும்.”

கல் சுக்காகக் காய்ந்திருந்தது. பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு ராமச்சந்திரன், அவர் விரித்துப் போட்ட சாக்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இளைப்பாறினார். பிறகு பெரிய இடத்துக்குப் போனார்.

சந்தானகிருஷ்ணன் பட்டணத்தில் படித்து, தஞ்சாவூரில் குடியிருந்து, அறுவடைக்கு மட்டும் ஊருக்கு வருகிறவர். தம் பண்ணையில் விளைகிற நெல்லின் ரகம் அத்தனையும் அவருக்குத் தெரியும். வேலை செய்கிற ஆட்களின் பெயர் ஒன்றும் தெரியாது. காரியக்காரரும் போன வருஷம் வந்த புது ஆள். ராமச்சந்திரன் போனபோது சந்தானகிருஷ்ணன் முகம் வாடிப்போய் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். மடியில் நில உச்சவரம்பு ஆபீஸ் நோட்டீஸ். இருக்க வேண்டியதைவிட அரை வேலி அதிகமாக இருக்கிறது, எதை விடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். தரும நிலத்துக்கு மட்டும் விலக்கு.

“நீலாம்பாளா? எங்க குடும்பத்துல அப்படி யாரும் கிடையாதே” என்றார்.

“சரிங்க. கல்லு உங்க அரை வேலி ஓரத்துல நிக்குது. அதான் கேட்டேன்.” ராமச்சந்திரன் எழுந்தார்.

“எந்த அரை வேலி?”

“திடல் பக்கம்.”

சந்தானகிருஷ்ணன் நோட்டீசைப் பார்த்தார். ராமச்சந்திரனைப் பார்த்தார். “உக்காருங்க, காபி சாப்பிடலாம்” என்றார்.

காபி வந்தது. கூடவே பேச்சில் ஓர் அத்தையும் வந்தாள்.

“எங்க அத்தைய்யா! சின்ன வயசுலயே தாலி அறுத்தவங்க. எங்கப்பா அந்த அரை வேலியை அவங்களுக்குத்தான் வாயாலேயே எழுதிக் கொடுத்தார். அதோ படம்.”

சுவரில் இருந்த படத்தின் கீழே ‘ஜகதாம்பாள்’ என்று எழுதியிருந்தது.

“வீட்டுல கூப்பிடுற பேரு அது” என்றார் சந்தானகிருஷ்ணன். “தருமம் பண்றப்ப நீலாம்பாள்.”

ஜகதாம்பாளை ஆவிக்கரையில் அறியாதவர்கள் கிடையாது. சாகும்வரை அவள் யாருக்கும் ஒரு கை அரிசி போட்டதில்லை. ராமச்சந்திரனுக்கும் அது காதில் விழுந்திருந்தது. ஆனாலும் குடும்பம் கிடைத்துவிட்டது, படம் கிடைத்துவிட்டது, மெமோ இல்லை. படத்தைத் துணியில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அந்த நிம்மதி ஒன்பது நாள் இருந்தது.

பத்தாம் நாள் ராமாயி ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். நீலாம்பாள் அம்மையார் தரும பரிபாலன அறக்கட்டளைக்குப் பாத்தியமான நிலத்தில் அத்துமீறிக் குடியிருக்கும் எட்டுக் குடும்பமும் பலகை திறந்த மறுநாளே காலி செய்ய வேண்டும். அங்கே அம்மையாருக்கு மண்டபம் கட்டப்போகிறார்களாம். நிர்வாகி, சந்தானகிருஷ்ணன்.

“அய்யா, நூறு பேருக்குச் சோறு போட்ட மகராசி, எட்டுக் குடும்பத்தை மழைக்காலத்துல ரோட்டுல நிறுத்துறாங்களே. நீங்கதான் அவங்களுக்கு ரொம்ப வேண்டியவரு. கொஞ்சம் எடுத்துச் சொல்லப்படாதா?”

ராமச்சந்திரன் காகிதத்தை இன்னொரு தரம் படித்தார். பயந்துகொண்டு எழுதிய அரைப் பக்கம் எட்டு வீட்டின் கூரையைப் பிடுங்கப் போகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நேரே ஆணையரிடம் போனார். “சார், நீலாம்பாளைத் திரும்ப வாங்கிக்கலாம். ஆதாரம் பத்தாது.”

“அமைச்சர் தேதி கொடுத்தாச்சு. அழைப்பிதழ் அச்சுக்குப் போயாச்சு. ஆதாரம் இல்லாமத்தான் எழுதினீங்களா? அதையும் எழுதிக் கொடுங்க. நீலாம்பாளையும் உங்களையும் சேர்த்தே அனுப்பிடுறேன்.”

ராமச்சந்திரனுக்குப் பெண்டாட்டி, இரண்டு பெண்கள். எழுதிக் கொடுக்கவில்லை. வேறு வழி யோசித்தார். யோசித்ததுதான் வினை.

வரலாற்றில் ஒரு வரியைச் சேர்த்தால் குடிசைகளைக் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றியது. ‘அம்மையார் தம் நிலத்தில் ஏழைகள் என்றென்றும் குடியிருக்க இடமளித்தார்’ என்று சேர்த்து, மேலிடத்துக்கு அனுப்பினார். சந்தானகிருஷ்ணன் அதைக் கேள்விப்பட்டு ஆள் மூலம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். அரசாங்கமே ‘தம் நிலத்தில்’ என்று எழுதிவிட்டதே! அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போட்டு, நில உச்சவரம்பு ஆபீசில் ஆதாரமாகக் கொடுத்துவிட்டார். என்றென்றும் குடியிருக்கிற பாகத்தை யாரும் படிக்கவில்லை.

ராமச்சந்திரன் பழத்தைத் தொடவில்லை. மறுபடியும் யோசித்தார்.

பொய்ச் சத்தியம் செய்யச் சொன்னால் மனுஷன் பயப்படாமல் இருப்பானா? தாசில்தாருக்கு ஒரு குறிப்பு எழுதினார். அறக்கட்டளைக் கோரிக்கையை ஏற்குமுன் சந்தானகிருஷ்ணனிடம் பிரமாண வாக்குமூலம் வாங்க வேண்டும். பொய்யானால் சிறைத் தண்டனை என்று அதிலேயே இருக்க வேண்டும். வாசகத்தையும் தாமே உட்கார்ந்து, ஓட்டை இல்லாமல் தயாரித்தார்: ‘ஆவிக்கரைச் சாலைக் கல்லில் பெயர் கண்ட நீலாம்பாளே மேற்படி அரை வேலிக்கும் திடலுக்கும் முழு உரிமையாளர். எனக்கு அதில் ஒரு குழி நிலமும் பாத்தியம் இல்லை. அவர் வாரிசின்றிக் காலமானதால் நான் நிர்வகிக்கிறேன். என்றேனும் வாரிசு தோன்றினால் நிலம் அவரையே சேரும்.’ இதைப் படித்ததும் அத்தையும் வேண்டாம் அறக்கட்டளையும் வேண்டாம் என்று மனுஷன் ஓடிவிடுவார் என்று எதிர்பார்த்தார்.

சந்தானகிருஷ்ணன் தம் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டார். மூன்று நகல்.

“எங்க அத்தைக்கு வாரிசு எங்கேர்ந்துய்யா வரப்போவுது?” என்று சிரித்தார். “பிரமாதமா எழுதியிருக்கீங்க. இனிமே எந்தக் கோர்ட்டும் அசைக்க முடியாது.”

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் கரைதொட்டு ஓடியது. விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் ராமச்சந்திரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திடலுக்குப் போனார். அன்று செயின் கழலவில்லை. ஏறி மிதிக்கத்தான் மனசு வரவில்லை.

குடிசைகளில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டு வீட்டுச் சாமானும் ஒரு மாட்டுவண்டிக்குப் போதாது. முதல் குடிசையில் கூரைக் கீற்றைக்கூட அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே தூளியில் ஒரு குழந்தை கிடந்தது. அதன்மேல் சாரல் படாமல் ஒருத்தி முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் அவருக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார்.

எல்லாரும் முருகையன் குடிசை இறவாரத்தில் ஒதுங்கி நின்றார்கள்.

“நீலாம்பாள் அம்மையார்னு யாருமே இல்லை. சோறும் போடலை, மோரும் ஊத்தலை. ஆபீஸ்ல மெமோ கொடுப்பாங்கன்னு பயந்துக்கிட்டு நானா உக்காந்து எழுதுனேன். கல்லுல ஒரு பேர் இருந்துச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பேரை வச்சுக்கிட்டுத்தான் இப்ப உங்களைக் கெளப்புறாங்க. எல்லாம் என்னாலதான்.”

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“பேருன்னு ஒண்ணு இருந்தா, ஆளுன்னு ஒண்ணு இருந்திருக்கும் இல்லீங்களா?” என்றார் முருகையன்.

“இருந்திருக்கலாம் பெரியவரே. யாருன்னு யாரைக் கேக்குறது?”

முருகையன் கல் பலகைமேல் இருந்த குடத்தை எடுத்துக் கீழே வைத்தார்.

“பண்ணைக்காரரு கையெழுத்துப் போட்டுட்டாருங்களா?” என்று கேட்டாள் ராமாயி.

“போட்டுட்டார். மூணு நகல். முத்திரையும் குத்தியாச்சு.”

“அந்தக் கல்லுல இருக்குறவளுதுதான் நெலம்னு?”

“ஆமா. நான்தானே அந்த வாசகத்தையே எழுதுனேன்.”

“மாத்த முடியாதா?”

“அவரே நெனச்சாலும் இனிமே மாத்த முடியாது.”

“அவரே நெனச்சாலுமா?” என்று ராமாயி இன்னொரு தரம் கேட்டாள்.

“முடியாதும்மா” என்றார் ராமச்சந்திரன். சொல்லும்போதே அழுதுவிட்டார். நாற்பத்தாறு வயசு ஆள், பேனா செருகிய சட்டையோடு, பெண்கள் நடுவில் நின்று அழுதார். ராமாயி அடுப்பிலிருந்த கடுங்காப்பியை ஒரு அலுமினிய டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவருடைய தாத்தா உயிரோடு இருந்தால் அந்தத் திடலில் காலையே வைத்திருக்க மாட்டார். பேரன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

“அழுவாதீங்க” என்றார் முருகையன். “நாளைக்கு நீங்க போர்டைத் தொறங்க. நாங்களும் வர்றோம்.”

மறுநாள் காலையிலும் தூறல் விடவில்லை. சாலையோரம் கீற்றுப் பந்தல். மஞ்சள் பலகைக்குப் பச்சைத் திரை. பக்கத்தில் நாற்காலி போட்டு, ஜகதாம்பாள் படத்துக்குச் சாமந்தி மாலை. தகராறு வந்தால் பார்த்துக்கொள்ள இரண்டு போலீஸ்காரர்கள்.

கல்லுக்கு அருகில் போன ராமச்சந்திரன் திகைத்தார். முந்தின நாள்வரை ஒற்றையாக நின்ற தூணுக்குப் பக்கத்தில், நாலடி தள்ளி, அதே மாதிரி இன்னொரு தூண் நட்டிருந்தது.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“வாய்க்கால்ல கெடந்துச்சுங்க” என்றாள் ராமாயி. தலையில் ஒரு புல்லுக்கட்டு வைத்திருந்தாள். “இருவது வருஷம் முன்ன ரோடு போட்டப்ப தள்ளிவிட்டுட்டாங்க. விழாவாச்சே, நல்லா இருக்கட்டும்னு நட்டு வச்சோம்.”

ஆணையர் அதைப் பார்த்து, “ஜனங்களுக்கே ஆர்வம் வந்துடுச்சு பாருங்க” என்று பூரித்துப்போனார்.

பதினோரு மணிக்கு ஒரு சேவகர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து, அமைச்சர் வரவில்லை என்றார். மழையாம். தாசில்தாரே திறந்துவைத்தார். திரை ஒரு பக்கம் சிக்கிக்கொண்டு பாதிதான் விலகியது. பலகையில் ‘கொடை வள்ளல் நீலாம்’ என்பது வரைக்கும் தெரிந்தது. நாலு பேர் கைதட்டினார்கள்.

சந்தானகிருஷ்ணன் பேசினார். “என் அத்தை சொத்துல எனக்கு ஒரு குழிகூட வேண்டாம். நான் வெறும் காவல்காரன். அவங்களைச் சேர்ந்தவங்க இன்னைக்கு வந்து நின்னாலும் அவங்க காலடியில வச்சுட்டுப் போயிடுவேன்!” என்று தழுதழுத்தார். போலீஸ்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது தூறலாகவும் இருக்கலாம்.

தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். “அறக்கட்டளை விசாரணைக்கு இன்னொரு தடவை ஜீப் எடுத்துக்கிட்டு வரணும். ஊரே கூடியிருக்கு. அதையும் இங்கேயே முடிச்சுடலாம். வாக்குமூலத்தைப் படிங்க.”

படிக்கிற வேலை ராமச்சந்திரனுக்கு வந்தது. தாம் எழுதிய வாசகத்தைத் தாமே மறுபடி படித்தார். இந்தத் தடவை ஏற்ற இறக்கம் இல்லை.

அவர் படித்துக்கொண்டிருந்தபோதே திடலிலிருந்து ஆறு பேர், வைக்கோல் பிரி போட்டுக் கட்டிய அந்த நீளக் கல் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். போலீஸ்காரர் தடுக்கப் பார்த்தார். “மேடைக்கு அலங்காரம்ங்க” என்று சொல்லிவிட்டு, இரண்டு தூண்களின் உச்சி வெட்டிலும் பொருத்தி அதை மேலே தூக்கி வைத்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. ராமாயி தன் தலையிலிருந்த புல்லுக்கட்டை அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு, கழுத்தை ஒருமுறை திருப்பி நீவிக்கொண்டாள்.

தாசில்தார் கல்லைப் பார்த்தார். மாலை போட்ட ஜகதாம்பாளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ குழப்பம் தெரிந்தது. ஆனால் நேரமாகிவிட்டது. “இதுல கண்டதெல்லாம் உண்மைதானே?” என்று சந்தானகிருஷ்ணனிடம் கேட்டார்.

“சத்தியமா.”

“சரி, கூப்பிடு.”

தாசில்தாரோடு வந்த டவாலிச் சேவகர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, முறைப்படி மூன்று தடவை கத்தினார். “ஆவிக்கரை அரை வேலியும் திடலும் மேற்படி நீலாம்பாளுக்குச் சொந்தம்ங்கிறதுல யாருக்காச்சும் ஆட்சேபணை உண்டா? ஆட்சேபணை உண்டா? ஆட்சேபணை உண்டா?”

மேல்கல்லில் இருபது வருஷத்து அழுக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த முருகையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து கையைத் தூக்கினார். போலீஸ்காரர்கள் இருவரும் தடியை இறுகப் பிடித்தார்கள். ராமச்சந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

“சொல்லும் பெரியவரே. என்ன ஆட்சேபணை?” என்றார் தாசில்தார்.

“ஆட்சேபணை ஒண்ணுமில்லீங்க, நெலம் நீலாம்பாளுதுதான், எட்டு மாசப் புள்ளைய வவுத்துல சுமந்துக்கிட்டு இந்த வயல்ல நட்டுக்கிட்டிருக்கையிலதான் விழுந்து செத்தா, ரெண்டு ஆட்டை வித்து இந்தச் சுமைதாங்கிய நான்தான் வச்சேன், மேல்கல்லுல எம் பேரும் வெட்டியிருக்கு படிச்சுப் பாருங்க, அவ எம் பொஞ்சாதிங்க.”